இரண்டாம் கோட்டாவும் துருப்பிடித்த பல்கலைக்கழகமும்

டென்மார்க்கில் என்ன பார்த்தாய் என்று என்னோடு வேலை செய்பவர்கள் கேட்டார்கள். மூன்று பல்கலைக்கழகம், ரயிலை விழுங்குகிற ஒரு கப்பல், நிறையக் காற்று என்றேன். கடற்கன்னிச் சிலையைப் பார்க்கவில்லையா என்றார்கள். பார்க்கவில்லை. நான் ஊர் சுற்றப் போகவில்லை. என் அக்காவின் மகள் வதனி மருத்துவம் படிக்க எந்த ஊருக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யப் போனேன். முடிவை நான் செய்யவில்லை. எப்படிச் செய்யாமல் போனேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் இருப்பது ஜேர்மனியில். பாண் என்கிற ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை. அக்கா குடும்பம் டென்மார்க்கில், ஹேர்னிங் என்ற ஊரில். மாசி மாதக் கடைசியில் அக்கா போன் எடுத்தாள்.

"எங்கட குடும்பத்தில நீதான் பயோ படிச்சனி. நீ வந்து பிள்ளையோட போய் இடங்களைப் பார். அத்தானுக்கு லீவு இல்லை. எனக்குப் பாசை வராது."

"எனக்கு மட்டும் டெனிஷ் தெரியுமே?"

"உனக்கு வாய் இருக்கு" என்றாள்.

அதற்கு மேல் கதைக்க ஒன்றும் இல்லை. வெளிக்கிட்டேன்.

எல்லையில் பொலிஸ்காரன் என் அகதிப் பயணப் பத்திரத்தை முன்னும் பின்னும் புரட்டினான். எதற்கு வருகிறாய் என்றான். பல்கலைக்கழகம் பார்க்க என்றேன். பத்திரத்தில் என் வயதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், முத்திரை குத்தினான்.

பிரடெரிசியா என்ற நிலையத்தில் ரயிலை இரண்டாகக் கழற்றி, ஒரு பாதியை ஒரு பக்கமும் மற்றப் பாதியை இன்னொரு பக்கமும் அனுப்புகிறார்கள். இது எனக்குத் தெரியாது. நான் பின்பாதியில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டிக்கட் பார்க்க வந்தவர் தலையை ஆட்டினார்.

"ஹேர்னிங் போகிற பாதி முன்னால் போய்விட்டது" என்றார், ஜேர்மன் மொழியில்.

"யாரும் சொல்லவில்லையே."

"ஒலிபெருக்கியில் பல தடவை சொன்னோம்."

"டெனிஷில் சொன்னீர்கள்."

"ஆமாம்" என்றார் அவர். "இது டென்மார்க்."

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. வைல என்ற ஊரில் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தேன். அந்த மேடையில் அடித்த காற்றை நான் ஜேர்மனியில் கண்டதில்லை. பக்கத்தில் நின்ற கிழவி நாயைத் தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் பூட்டினாள். நாயின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. என் கோட்டுக்குள் மிச்ச இடியப்பம் இருந்தது.

ஹேர்னிங்கில் அத்தான் காரோடு நின்றார். அந்த ஊரில் நம் ஆட்கள் எல்லோரிடமும் கார் இருக்கிறது. அத்தான் பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எப்போதும் போல் பெட்டியை வாங்கினார், சுகம் கேட்டார், ஆனால் வீடு வரும் வரை வேறொன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் வந்தால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சாப்பாட்டு மேசையில் அது என்ன என்று தெரிந்தது. அக்கா புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தாள். வதனி எனக்கு விஷயத்தை விளங்கப்படுத்தினாள். டென்மார்க்கில் மருத்துவம் மூன்று ஊரில் படிக்கலாம்: ஓகூஸ், ஓடென்ஸ, கொப்பன்ஹேகன். விருப்ப வரிசைப்படி மூன்றையும் எழுதலாம். மேலே எழுதியது கிடைத்தால் கீழே உள்ளவை தானாக வெட்டுப்படும். ஆகவே எதை முதலில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

"இதுக்கே வீட்டில சண்டை?" என்றேன்.

"இதுக்கில்லை. உள்ள போற வழி ரெண்டு இருக்கு, சித்தி. ஒண்டு, கடைசிச் சோதினையின்ர சராசரி மட்டும். மற்றது, புள்ளியோட வேற விசயங்களையும் பாக்கிறது. என்ன வேலை செய்தனீங்கள், எப்பிடி வந்தனீங்கள் எண்டு. முதலாவதுக்குக் குவோட்ட ஒண்டு எண்டு பேர். மற்றதுக்குக் குவோட்ட ரெண்டு."

"குவோட்ட எண்டால்?"

"கோட்டாதான்" என்றார் அத்தான். தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

என் கையில் இருந்த புட்டு தட்டில் விழுந்தது.

இளையவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய காலத்தில் தரப்படுத்தல் வந்தது. பல்கலைக்கழகம் போக, தமிழில் எழுதியவர்களுக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்களத்தில் எழுதியவர்களுக்கு வேறொன்று. அது முடிய மாவட்டக் கோட்டா. என் புள்ளி மற்ற மொழியில் எழுதியவளுக்குப் போதும், எனக்குப் போதாது. அவ்வளவுதான். அழுது எழுத ஒன்றும் இல்லை. ஆனால் கோட்டா என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகும். எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் அப்படித்தான்.

"இஞ்சயுமே?" என்றேன். "இவ்வளவு தூரம் ஓடி வந்து, இஞ்சயும் கோட்டாவே? எங்கட பிள்ளைக்கு என்னத்துக்குக் கோட்டா? அவளுக்கு மூளை இல்லையே?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றார் அத்தான். முதல் தடவையாக அவரும் நானும் ஒரு பக்கம்.

வதனி எழும்பிப் போய்த் தன் பள்ளிப் புள்ளிகளைக் கொண்டுவந்து காட்டினாள். இந்த நாட்டில் உச்சப் புள்ளி பதின்மூன்று. அதற்குக் கீழே பதினொன்று. பன்னிரண்டு என்று ஒன்று கிடையாது. ஏன் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. வதனிக்கு உயிரியலில் பதின்மூன்று, இரசாயனத்தில் பதின்மூன்று, மற்றவற்றில் பதினொன்றும் பத்தும். எழுத்து டெனிஷில் மட்டும் ஏழு. அந்த ஏழு எல்லாவற்றையும் கீழே இழுக்கிறது. சராசரி போன வருட வெட்டுப்புள்ளியைத் தொடாது. கொஞ்சம்தான் குறைவு, ஆனால் குறைவு.

ஏழு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். அத்தான் முதலில் தனியாக டென்மார்க்குக்கு வந்தவர். மனைவியையும் பிள்ளையையும் தன்னிடம் கூப்பிட விண்ணப்பித்தார். சட்டப்படி அவருக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் மேலே இருந்தவர்கள் தமிழருடைய விண்ணப்பங்களைக் கட்டின் அடியில் போட்டு வைத்தார்கள். அக்காவும் வதனியும் கொழும்பில் ஒரு அறையில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். வதனி பள்ளிக்கூடம் போகவில்லை. கடைசியில் இங்கே வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது, டெனிஷில் ஒரு சொல் தெரியாது. அந்த விண்ணப்பங்களை அமுக்கிய விஷயம் விசாரணைக்கு வந்தது. இந்தத் தை மாதம் அறிக்கை வெளியாகி, அரசாங்கமே விலகியது. தமிழர் வழக்கு என்று அந்த நாட்டில் நாய்க்கும் பூனைக்கும் தெரியும்.

அத்தான் மெதுவாகச் சொன்னார்: "எங்களை ஆக்களோட ஆக்களா வரிசையில விடாமல் அடியில வைச்சவை. அதுக்குத்தான் நாங்கள் எழுதிக் கேட்டது, சாட்சி சொன்னது. ஒரே வரிசையில நிக்கிறதுக்கு. இப்ப என்ர பிள்ளை போய், எனக்கு வேற வரிசை தா எண்டு கேக்கிறதே? புள்ளி வந்தால் போகட்டும். வராட்டி வேற படிக்கட்டும்."

"அப்பா, இந்தக் கிழமைக்குள்ள குவோட்ட ரெண்டுக்கு அனுப்பாட்டி பிறகு ஏலாது" என்றாள் வதனி.

"அனுப்பவேண்டாம்."

அவளுக்குப் பத்தொன்பது வயது. இந்த நாட்டில் அப்பாவின் கையெழுத்து தேவையில்லை. ஆனாலும் அவர் ஓம் என்று சொல்லாமல் அவள் அனுப்பமாட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. அவர் அதே முகத்தோடு எதிரில் இருந்தார். இருவருக்கும் ஒரே தாடை.

அடுத்த நாள் ஓகூஸ். வதனியும் நானும் மட்டும். மஞ்சள் செங்கல் கட்டடங்கள், நடுவே பெரிய சரிவான பூங்கா, கீழே குளம், குளத்தில் வாத்துகள். குளம் பாதி உறைந்திருந்தது. வாத்துகள் உறையாத பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அழகான இடம். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புதிதாகச் சேர விரும்புகிறவர்களை ஒரு விரிவுரைக்குள் இருத்தினார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் பார்க்கத் தெரியும். முன்வரிசையில் இரண்டு மாணவிகள் கம்பளி நூலில் சட்டை பின்னிக்கொண்டு கேட்டார்கள். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அத்தான் ஹேர்னிங்கில் இயந்திரத்தில் செய்கிற வேலையை இவர்கள் வகுப்பில் கையால் செய்கிறார்கள். அவருக்குச் சம்பளம், இவர்களுக்குப் பட்டம்.

மத்தியானம் உணவுச்சாலையில் கறுப்புப் பாணும் அதன்மேல் ஈரல் பசையும் பீற்றூட்டும். நான் பாண் செய்கிறவள், பாணைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அது நல்ல பாண். கனமான, புளித்த, பொய்யில்லாத பாண். ஈரல் பசையைப் பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

பிறகு ஆலோசனை சொல்கிற மேசைக்குப் போனோம். அங்கே இருந்தவள் மூன்றாம் வருட மாணவி. பொன் தலைமுடி, காலில் மரச்செருப்பு. வதனி அவளோடு டெனிஷில் கதைக்கத் தொடங்கினாள். குவோட்ட, குவோட்ட என்று சொல் அடிக்கடி வந்தது. நான் பொறுத்தேன். பிறகு பொறுக்கவில்லை.

"அவவிட்டக் கேள்" என்றேன். "எங்களை மாதிரி வெளியில இருந்து வந்த பிள்ளையளை வேற பெட்டிக்குள்ள போடுறதுக்குத்தானே இந்தக் கோட்டா எண்டு கேள். எங்கட நாட்டில இதால எத்தினை பேற்ற வாழ்க்கை நாசமாப் போனது தெரியுமோ எண்டும் கேள். வெக்கமில்லையோ எண்டும் கேள்."

வதனி அவளிடம் திரும்பி நாலு சொல் சொன்னாள்.

"நான் அவ்வளவு நீளமாச் சொன்னன், நீ என்ன சொன்னனி?"

"சித்திக்குக் குவோட்ட ரெண்டைப் பற்றி அறிய விருப்பமாம் எண்டு சொன்னன்."

மரச்செருப்புக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நேரே என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"நானே குவோட்ட இரண்டில்தான் வந்தேன். பள்ளியில் கணக்கு எனக்குச் சரிவரவில்லை. பிறகு இரண்டு வருடம் மனநல விடுதியில் இரவு வேலை செய்தேன், அதைப் பார்த்து எடுத்தார்கள். என் அப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அவர் பன்றி வளர்க்கிறவர்."

"நீ டெனிஷ்காரியா?"

"ஆறு தலைமுறையாக" என்றாள்.

"வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனிக் கோட்டா இல்லையா?"

"இது எல்லோருக்கும் உரியது. ஒன்றில் புள்ளியைப் பார்ப்பார்கள். மற்றதில் ஆளையும் பார்ப்பார்கள்."

நான் எழுந்து வெளியே வந்து வாத்துகளைப் பார்த்தேன். இருபது வருடமாக ஒரு சொல்லோடு எனக்குச் சண்டை. இந்த நாட்டில் அதே சொல்லை வைத்து வேறு வேலை செய்கிறார்கள். பன்றி வளர்க்கிறவரின் மகளும் அதே வரிசையில் நின்று வந்திருக்கிறாள். எனக்குக் கோபமாக இருந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை.

"சித்தி, குளிருது, வாங்கோ" என்றாள் வதனி.

"நீ ஏன் நான் சொன்னதைச் சொல்லேல்ல?"

"சொல்லியிருந்தால் அவ பதில் சொல்லியிருக்க மாட்டா."

அதற்கடுத்த நாள் ஓடென்ஸ. அந்தப் பல்கலைக்கழகம் துருப்பிடித்திருக்கிறது. பொய் சொல்லவில்லை. கொங்கிறீட்டும் இரும்புத் தகடுமாகக் கட்டி, இரும்பு முழுக்கத் துரு. மழைத் தண்ணீர் வழிந்து கொங்கிறீட்டிலும் செங்கோடு விழுந்திருந்தது.

"பணக்கார நாடு எண்டு சொல்லுறாய். ஒரு தட்டுப் பெயின்ற் அடிக்க ஏலாதே?"

"வேணுமெண்டுதான் துருப்பிடிக்க விட்டிருக்கினம், சித்தி. அது ஒரு வகை இரும்பு. மேல மட்டும் துருப்பிடிக்கும், உள்ள போகாது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரல் சிவந்தது, இரும்பு அசையவில்லை.

உள்ளே முடிவில்லாத ஒரு நடைபாதை. ஆனால் ஆட்கள் குறைவு. எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார்கள். மொத்தம் ஒரு கைப்பிடி பிள்ளைகள், நடுவில் ஒரு வயதான மருத்துவர். கால் மேல் கால் போட்டு, கறுப்புக் கோப்பி குடித்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் பார்த்து ஏன் மருத்துவம் என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னார்கள். வதனியின் முறை வந்தது. அவள் சிரிக்கவில்லை. நீளமாகச் சொன்னாள். இடையில் ஒரு தடவை நின்று சரியான சொல்லைத் தேடினாள். மருத்துவர் கோப்பையைக் கீழே வைத்தார். திருப்பி ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். மறுபடியும் கேட்டார். மற்றப் பிள்ளைகளும் அவளையே பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன சொன்னனி?"

முதலில் சொல்ல மறுத்தாள். பிறகு சொன்னாள். வந்து இரண்டாம் வருடத்திலிருந்தே ஹேர்னிங் பக்கத்துத் தமிழ் ஆட்கள் மருத்துவரிடம் போகும்போது மொழி பெயர்க்க இவளைக் கூட்டிக்கொண்டு போவார்களாம். ஒரு நாள் அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர். வயிற்று வலி என்று போனவர். மருத்துவர் இது புற்றுநோய் என்றார், எவ்வளவு காலம் என்றும் சொன்னார். அதை அவருக்குத் தமிழில் சொல்லவேண்டியவள் இவள். அப்போது இவளுக்குப் பதினேழு வயது.

"என்ன சொன்னனி அவருக்கு?"

"டொக்டர் சொன்னதை."

"அப்பிடியேவோ?"

"அப்பிடியேதான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தாளின்ர வருத்தம், அந்தாளுக்குத்தானே முதல்ல தெரியவேணும். பிறகு அவர் என்னட்டக் கேட்டார், பிள்ளை, நீ டொக்டரா வருவியோ எண்டு. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

நான் என் பையில் கைக்குட்டை தேடினேன். தடிமன் என்று சொன்னேன். உண்மையாகவே கொஞ்சம் தடிமனும் இருந்தது.

"அந்த டொக்டர் என்ன கேட்டவர்?"

"அதுக்குப் பிறகு நித்திரை கொண்டனீரோ எண்டு கேட்டார்."

ஓடென்ஸவிலிருந்து கொப்பன்ஹேகனுக்குப் போக நடுவில் கடல். பாலம் இன்னும் கட்டி முடியவில்லை. ஆகவே ரயில் அப்படியே கப்பலுக்குள் போகிறது. பெட்டியில் இருந்தபடியே கப்பலின் வயிற்றுக்குள் போய் நின்று, பிறகு படியேறி மேலே போய்ச் சாப்பிடலாம். வறுத்த பன்றித் துண்டைப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இந்தப் பயணத்தில் நான் குறை சொல்லாமல் சாப்பிட்ட ஒரே டெனிஷ் சாப்பாடு.

தங்கியது கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் அல்பர்ட்ஸ்லுண்டில், பிலோமினா அக்கா வீட்டில். மன்னார்க்காரி. முதியோர் இல்லத்தில் வேலை. தட்டையான மீன் ஒன்றைப் புளி விட்டுக் குழம்பு வைத்திருந்தார்.

"இந்த நாட்டு மீனுக்கு ஒரு கண்ணும் நெத்தியில, மற்றக் கண்ணும் நெத்தியில" என்றார். "சமைக்கேக்க என்னையே பாக்குது. முதல்ல தலையை வெட்டிப்போட்டுத்தான் மற்ற வேலை."

வதனி மருத்துவம் படிக்கப்போகிறாள் என்று சொன்னேன். அவர் வதனியின் தட்டில் இன்னொரு துண்டு மீன் போட்டார். "வா மகள், கெதியா வா. எங்கட இல்லத்து டொக்டர் கிழவியளின்ர கையைப் பிடிக்கிறதுக்கு முந்தி மணிக்கூட்டைப் பாக்கிறவர்."

கொப்பன்ஹேகன் மருத்துவக் கட்டடம் கொங்கிறீட்டில் கட்டிய ஒரு கோட்டை. உள்ளே போனால் எங்கே வெளியே வருவது என்று தெரியாது. ஆட்கள் வேகமாக நடக்கிறார்கள். தகவல் மேசையில் ஒரு இளைஞன். வதனி ஒரு வசனம்தான் சொன்னாள், அவன் தலையைச் சாய்த்துச் சிரித்து ஏதோ கேட்டான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "எந்த நாடு எண்டு கேக்கிறானே? சொல்லாத. அவனுக்கு என்னத்துக்கு?"

வதனியும் சிரித்தாள். "இல்லை சித்தி. மேற்கு ஜூட்லாந்தோ எண்டு கேக்கிறார்."

ஜூட்லாந்து என்பது ஹேர்னிங் இருக்கிற பக்கம். 'நான்' என்று சொல்வதற்கே அங்கே வேறு சொல் பாவிப்பார்களாம். தலைநகரத்துக்காரருக்கு அது நாட்டுப்புறப் பேச்சு. வதனி வாய் திறந்தவுடன் பிடித்துவிட்டான். அவள் தோலைப் பார்த்து அல்ல, அவள் பேச்சைக் கேட்டு அந்த நாட்டு ஊர் ஒன்றைச் சொன்னான். நக்கலடித்தானோ தெரியாது, எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பதினைந்து வயதில் ஒரு சொல் தெரியாமல் வந்தவள், இப்போது அவளைக் கிண்டல் பண்ணவேண்டுமென்றால் ஜூட்லாந்துக்காரி என்றுதான் கிண்டல் பண்ணவேண்டும்.

அவன் தந்த துண்டுப் பிரசுரங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். வதனி திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது கப்பலில் நான் ஆரம்பித்தேன். இப்போது நான் குவோட்ட இரண்டின் பக்கம். ஒரு பக்கம் போனால் முழுக்கப் போவதுதான் என் வழக்கம்.

"எழுதேக்க தமிழர் வழக்கை எழுது" என்றேன். "முதல் வரியிலயே எழுது. உங்கட அரசாங்கம் என்னைக் கொழும்பில இத்தினை வருசம் பூட்டி வைச்சது, அதாலதான் எனக்கு டெனிஷில ஏழு எண்டு எழுது. அரசாங்கத்தையே விழுத்தின விசயம். வாசிக்கிறவனுக்குக் கை நடுங்கும். சீற் தராமல் என்ன செய்வான்?"

"எழுதமாட்டன்."

"ஏனடி?"

அவள் கடலைப் பார்த்தாள். அங்கே பாலத்துக்குத் தூண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது அவையள் செய்த பிழை. அதை வைச்சு நான் என்னத்துக்கு இடம் கேக்கவேணும்? நான் செய்தது எண்டு கொஞ்சம் இருக்குத்தானே. அதைத்தான் எழுதுவன்."

"உனக்கு விசர்."

"ஓம்" என்றாள். "அப்பான்ர விசர்."

நான் திட்டிக்கொண்டே இருந்தேன், ஆனால் திட்டில் உயிர் இல்லை. தாடையைத் தூக்கிக்கொண்டு காற்றில் நின்றவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நான் அந்த வயதில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மாதம் படுத்துக்கிடந்தவள்.

"எந்த ஊரை முதல்ல போடப்போறாய்? அதெண்டாலும் முடிவோ?"

"ஓடென்ஸ."

"துருப்பிடிச்சதையே? ஓகூஸ் வடிவு. வீட்டுக்கும் கிட்ட."

"மற்ற ரெண்டு இடத்திலயும் நான் கேள்வி கேட்டனான், அவை பதில் சொன்னவை. ஓடென்ஸவில என்னட்டக் கேட்டவை."

ஹேர்னிங்கில் அத்தான் வேலையால் வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வதனி கோட்டைக் கழற்றாமலேயே அவர் முன்னால் இருந்தாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா, குவோட்ட ரெண்டு வேற வரிசை இல்லை. டெனிஷ் பிள்ளையளும் அதிலதான் நிக்கினம்."

"ஆர் சொன்னது?"

"சித்தி கண்டவ."

அத்தான் என்னைப் பார்த்தார். என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டாள். "ஓம்" என்றேன். "பன்றி வளக்கிற ஆளின்ர பெட்டை, ஆறு தலைமுறை டெனிஷ், அதாலதான் வந்ததாம். நான் அவவோட சண்டைக்குப் போனனான். உவள்தான் மாத்திச் சொல்லிப்போட்டாள்."

அத்தான் நெடுநேரம் தேத்தண்ணீரைக் கலக்கினார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"அப்ப எங்களைக் காக்க வைச்ச கதையை எழுதவேணுமே?"

"இல்லை."

"சித்தி எழுதச் சொல்லியிருப்பா."

"சொன்னவ. நான் எழுதேல்ல. ஆஸ்பத்திரியில மொழிபெயர்த்ததைத்தான் எழுதுறன்."

அவர் அவளைப் பார்த்தார். சாட்சி சொல்லப் போன நாளில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

"நல்லம்" என்றார். பிறகு, "ஓகூஸ்தானே முதல்?"

"ஓடென்ஸ."

"ஓடென்ஸவோ." கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றினார். "சனிக்கிழமையில கார் கொண்டுவரலாம். ரயிலில ஏறினால் சித்தி மாதிரி வேற ஊருக்குப் போயிடுவாய்."

அதுதான் அவருடைய ஓம். அக்கா திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

நான் ஜேர்மனிக்குத் திரும்பிப் பாண் சுட்டேன். வசந்தம் போனது, பரீட்சை போனது. ஆடி மாதக் கடைசியில் ஒரு மாலை போன் வந்தது. வதனி என்று நினைத்து எடுத்தேன். அத்தான். அவர் தானாகப் போன் எடுத்து நான் அறியேன்.

"கிடைச்சிட்டுது" என்றார். "ஓடென்ஸ."

எனக்கு வாய் வரவில்லை. அக்கா சொன்ன அந்த வாய், தேவையான நேரத்தில் வரவில்லை. பின்னால் வீடு நிறைய ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது.

கடைசியில், "எதில கிடைச்சது?" என்று கேட்டேன். கேட்டதும் ஏன் கேட்டேன் என்று இருந்தது.

"கோட்டா ரெண்டில" என்றார் அத்தான். குரலைத் தாழ்த்தவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்கும் கேட்கவேண்டும் என்று இன்னும் உயர்த்தினார். "கோட்டா ஒண்டில ஆரும் போகலாம், புள்ளி இருந்தால் சரி. கோட்டா ரெண்டு எண்டால், ஆளைப் பாத்துத்தான் எடுப்பினம்."